உட்காரும் வண்டி

வாங்கி வந்து ஒரு மாதம் ஆவதற்குள் வண்டி உட்கார ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் வாசலில் நிறுத்தும்போது ராஜா மாதிரி நிற்கும். விடிந்து பார்த்தால் முன்பக்கத்து இடது சக்கரத்தின் மேல் உடம்பைச் சாய்த்து, பாரம் தாங்காத மாடு ஒற்றைக் காலை மடித்ததுபோலக் கிடக்கும். டயருக்கும் மேலே இருக்கிற வளைவுத் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருக்காது. செக்காலைப் பகுதியில் அந்தத் தெரு வழியாகப் போகிற ஆட்டோக்காரர்கள் அந்த வீட்டருகே வந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். பார்ப்பார்கள். ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள்.

வண்டி கோட்டைச்சாமியுடையது. அதைத் தேர்ந்தெடுத்தவன் அவருடைய மருமகன் பூமிநாதன். வினை அங்கேதான் தொடங்கியது.

கோட்டைச்சாமிக்குப் போர்வெல் தொழில். சிவகங்கைச் சீமையில் அவருடைய லாரி துளை போடாத ஊர் குறைவு. மழையை நம்பி வயிறு காய்ந்த குடும்பத்தில் பிறந்து, லாரியில் துளை போடும் இரும்பு ராடு தூக்குகிற கூலியாளாகச் சேர்ந்து, அதே லாரிக்கு முதலாளியானவர். மனிதர்களில் இரண்டு சாதிதான் உண்டு என்பது அவர் கணக்கு: கையால் பிழைக்கிறவன், வாயால் பிழைக்கிறவன். பூமிநாதன் இரண்டாவது வகை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன். பையன்கள் சேரவில்லை என்று அந்தப் பிரிவையே மூடியபோது வேலை போயிற்று. மனைவி சினேகா ஒரே பெண். “வேற வேலை கெடைக்கிற வரைக்கும் எங்க வீட்டுல இருப்போமே” என்றாள். வந்தார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை. போர்வெல் ஆபீசில் போன் எடுக்கிற வேலை கிடைத்தது. அன்றைக்கே மாமனார் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்தினார். “வாத்தியாரே” என்றார். வீட்டிலும் அதுதான், லாரிக்காரர்கள் முன்னாலும் அதுதான்.

பெரிய வண்டி வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தபோது, பூமிநாதன் போனில் தேடி, சென்னைக்குப் போய், பழைய சொகுசு வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தான். பட்டனை அழுத்தினால் வண்டி மெதுவாக எழும்பி உயர்ந்து நின்றது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் மேலே காற்று நிரம்பிய ரப்பர் பைகள். மேடு பள்ளம் தெரியவே இல்லை. ஏறி உட்கார்ந்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு தானும் ஒரு மனிதன் என்று அவனுக்குத் தோன்றியது. “அருமையான வண்டி மாமா” என்று போனில் சொன்னான். அந்தச் சொல்லை மாமனார் மறக்கவே இல்லை.

“வாத்தியாரே, இங்குட்டு வா. ஒன் அருமையான வண்டி படுத்திருக்கு பாரு” என்பார் விடிந்ததும். லாரி ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். பூமிநாதன் வந்து எஞ்சினைப் போட வேண்டும். உள்ளே எங்கோ சின்ன கம்ப்ரசர் முக்கி முனகும். வண்டி அங்குலம் அங்குலமாக எழும்பும். அது எழும்பி முடிகிற வரைக்கும் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. “மாட்டை எழுப்பிவிடுறவன் பக்கத்துல நிக்கணும்ல” என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். சம்பளம் கொடுக்கிறவர் சிரிக்க வைத்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

நாச்சியாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போன அன்று வண்டி பாதி வழியிலேயே சாய்ந்தது. டயர் தகட்டில் உரசுகிற வாடை வந்தது. கோட்டைச்சாமி ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சினேகா. பின்னால், இடது பக்கம் பூமிநாதன்.

வண்டியை ஓரங்கட்டி, திரும்பிப் பார்த்தார் மாமனார். “நீ உக்காந்திருக்க பக்கந்தான் சாயுது. ஓசிச் சோத்துக் கனம். எறங்கு.”

“மாமா, இது முன்பக்கத்துப் பை...”

“எறங்குன்னா எறங்கு.”

இறங்கினான். வண்டி ஊர்ந்தது. பின்னால் அவன் நடந்தான். சித்திரை வெயில். பட்டு வேட்டி காலில் தடுக்கியது. காதுகுத்துக்குப் போகிற சொந்தங்கள் ஒவ்வொருவராக வேனிலும் பைக்கிலும் கடந்து போனார்கள். ஒருவர் நிறுத்தி, “ஏறுங்க மாப்ள” என்றார். முன்னாலிருந்து கோட்டைச்சாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அவரு வண்டிக்குப் பைலட்டு. பின்னால வர்ற பைலட்டு. நீங்க போங்க” என்று கத்தினார்.

அதை அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் பக்கத்துக் கண்ணாடியில் சினேகாவின் முகம் தெரிந்தது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். விசேஷ வீட்டில் பந்தி நடக்கும்போது மாமனார் அந்தக் கதையை இலைக்கு இலை சொன்னார். பூமிநாதன் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “ஏன் சிரிச்ச?” என்று கேட்டான்.

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அப்பா வெளையாட்டுக்குத்தானே பண்றாக. எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டே இருந்தா எப்படிங்க?”

அவன் இதையும் மனதில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காளிராஜை வரவழைத்தான். கல்லூரிச் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன். இந்த மாதிரி வண்டிகளைத் துபாயில் பார்த்துப் பழகியவன். காளிராஜ் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, டார்ச் அடித்து, குழாயின் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தான். ரப்பர் பையின் மடிப்பில் நுரை கொப்பளித்தது. உமிழ்நீர் மாதிரிப் பொங்கிப் பொங்கி வெடித்தது.

“பை போயிருச்சு அண்ணே. மாத்தணும். மாத்தாம ஓட்டுனா கம்ப்ரசரும் ஓடி ஓடிச் செத்துரும்” என்றான் கோட்டைச்சாமியிடம்.

“காத்தைப் பத்தி எனக்குச் சொல்றியா? பாறைக்குள்ள கெடக்குற தண்ணியைக் காத்தால அடிச்சு மேல கொண்டாறவன் நான். ரப்பருதானே? பஞ்சரு ஒட்டு.”

“இது டியூப் இல்லண்ணே...”

“ஒட்டுடான்னா.”

காளிராஜ் ஒட்டினான். கொஞ்ச நாள் நின்றது. பிறகு முன்னைவிட மோசமாக உட்கார்ந்தது. “வாத்தியார் பார்த்து வாங்குனது, வாத்தியார் கூட்டியாந்த மெக்கானிக்கு” என்று அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான் பூமிநாதன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புது லாரிக்குப் பூஜை போட்டுவிட்டு, ஆட்கள் வாசலில் கூடியிருந்தார்கள். பிரியாணி அண்டா இறங்கியிருந்தது. அரியக்குடிப் பக்கத்திலிருந்து கோட்டைச்சாமியின் பங்காளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். காளிராஜ் காலையிலேயே வந்து வண்டியை உச்ச உயரத்துக்கு ஏற்றி, பழைய ஒட்டைப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பூமிநாதன் டிரைவர் சீட்டில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான்.

காளிராஜ் ஜன்னலருகே வந்தான். “சார், பட்டறைக்குப் போயி ஸ்டாண்டும் பெரிய ஜாக்கியும் எடுத்துட்டு வந்துர்றேன். எஞ்சினை மட்டும் அமத்திராதீக. அமத்துனா, ஆள் எறங்கத் தோதா வண்டி தானா எறங்கும். கம்பெனிக்காரன் அப்படி வச்சிருக்கான். அதுல இந்தப் பக்கம் பை வேற கிழிஞ்சு கெடக்கு, பொத்துன்னு உக்காந்துரும். கம்ப்ரசரும் கொதிக்குது. மறுபடி உடனே தூக்காது. ஒருத்தரும் சக்கரத்துப் பக்கம் கை வச்சிராமப் பாத்துக்கங்க.”

“சரி” என்றான் பூமிநாதன்.

காளிராஜ் பைக்கில் போனான். கோட்டைச்சாமி உள்ளேயிருந்து பங்காளிகளோடு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பூஜைச் சந்தனம். மகிழ்ச்சியாக இருந்தார். மகிழ்ச்சியாக இருக்கும்போதுதான் அவருக்கு மருமகன் ஞாபகம் வரும்.

“பாருங்கப்பா, எங்க வாத்தியாரு. வண்டி ஓட்டுறாரு. வண்டி நிக்கிது, ஆனா ஓட்டுறாரு.”

சிரித்தார்கள்.

“அந்தப் பய சோப்பை நொரச்சுக்கிட்டு நாளு பூரா நிக்கிறான். துணியா தொவைக்கிறான்? காத்து எங்குட்டு வருதுன்னு தோலு சொல்லும்யா.” சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். இடது சக்கரத்தருகே குந்தி, டயருக்கும் தகட்டுக்கும் நடுவே வலது கையை உள்ளே விட்டார். முன்கண்ணாடி வழியாக அவருடைய தலையும் தோளும் மட்டும் பூமிநாதனுக்குத் தெரிந்தன.

உள்ளே விட்ட கை அங்கும் இங்கும் துழாவியது.

“எஞ்சினை அமத்து. இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.”

பூமிநாதன் தலையை வெளியே நீட்டினான். “மாமா, கையை...”

“அமத்துன்னேன்.”

“இல்ல மாமா, அமத்துனா...”

“வாத்தியாரே! பாடம் எடுக்காத. சொன்னதைச் செய்யி. வாயைத் தொறந்தீன்னா இந்தக் கையாலயே அறைஞ்சிருவேன்.” பங்காளிகளைப் பார்த்துக் கண்ணடித்தார். வாசற்படியில் சினேகா தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் லேசாக விரிந்ததை அவன் பார்த்தான், பார்த்ததாக நினைத்தான். எது உண்மை என்று பிற்பாடு அவனாலேயே சொல்ல முடியவில்லை.

இன்னும் இரண்டு வார்த்தை போதும். “கை நசுங்கும்” என்று கத்தியிருக்கலாம். இறங்கி ஓடி அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கலாம். பூமிநாதன் வாயை மூடிக்கொண்டான். அவர் சொன்னபடி மூடிக்கொண்டான். அவர் சொன்னபடியே பட்டனை அழுத்தினான்.

எஞ்சின் நின்றது. வாசல் அமைதியானது. கோட்டைச்சாமியின் முகம் மலர்ந்தது.

“இந்தா! இங்கன வருது பாரு காத்து! கையில அடிக்குது! நான் சொன்னேன்ல...”

வண்டி பெருமூச்சு விட்டது. வலது பக்கம் நிதானமாக இறங்கியது. இடது பக்கம் ஒரேயடியாக உட்கார்ந்தது.

முதலில் சத்தமே வரவில்லை. மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது மாதிரி அவர் வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு வந்தது. பிரியாணிக்கு வந்திருந்த தெருநாய்கள் ஓடின.

“ஸ்டார்ட் பண்ணுங்க! தூக்குங்க! ஐயோ, வண்டியத் தூக்குங்க!” சினேகா தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பூமிநாதன் பட்டனை அழுத்தினான். எஞ்சின் ஓடியது. உயரம் ஏற்றுகிற பொத்தானை அழுத்தினான். மஞ்சள் எழுத்து வந்தது: கம்ப்ரசர் சூடு, காத்திருக்கவும். மறுபடி அழுத்தினான். அதே எழுத்து. அது வரும் என்று அவனுக்குத் தெரியும்.

லாரி ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் டிக்கியிலிருந்து வண்டியோடு வந்த ஜாக்கியை எடுத்துவந்தான். வயிறு தரையில் ஒட்டிக் கிடக்கிற வண்டிக்கு அடியில் அது நுழையவில்லை. எட்டுப் பத்துப் பேர் பம்பரையும் தகட்டையும் பிடித்துத் தூக்கினார்கள். துளிகூட அசையவில்லை. தகடுதான் வளைந்தது. அதில் கோட்டைச்சாமி இன்னும் பெரிதாக அலறினார். “விடுங்கடா! விடுங்கடா பாவிகளா!” என்றார். உடனே, “தூக்குங்கடா!” என்றார். தகட்டுக்குக் கீழிருந்து டயரின் கறுப்பின் மேல் ரத்தம் கோடாக இறங்கியது.

பூமிநாதன் இறங்கிச் சுற்றி வந்து நின்றான். டயரில் இருக்கிற காற்றை இறக்கினால் போதும். கையை அழுத்திப் பிடித்திருக்கிற டயர் குழைந்து கொடுக்கும், இழுத்துவிடலாம். வண்டி உட்கார்ந்த நொடியே அது அவன் மூளையில் வந்து நின்றிருந்தது. பாடம் எடுத்தவனல்லவா. சொல்லவில்லை. மாமனார் டயரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சந்தனம் வியர்வையில் கரைய, அவனை நிமிர்ந்து பார்த்தார். இதுநாள் வரைக்கும் அவர் அவனைக் கீழிருந்து பார்த்ததே இல்லை. அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம். ஆட்கள் தூக்கித் தூக்கிக் களைத்தார்கள். ஒருவன் கடப்பாரை தேடி ஓடினான்.

“மாப்ள” என்றார் கோட்டைச்சாமி. “மாப்ள... மாப்ள...”

சினேகா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவன் சொன்னான். “டயர்ல காத்தை எறக்குங்க.”

தானே குனிந்து வால்வைத் திருகி எடுத்தான். சீறிக்கொண்டு காற்று போனது. டயர் தொளதொளத்தது. கையை உருவி எடுத்தார்கள். அது கையாக இல்லை. காளிராஜ் ஜாக்கியோடு பைக்கில் வந்து இறங்கியபோது, யாரோ வேட்டியைக் கிழித்து அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லிட்டுத்தானே சார் போனேன்” என்றான் காளிராஜ், மெதுவாக.

“மாமா கேக்கல” என்றான் பூமிநாதன்.

பிறகு பையை மாற்றித் தர வந்தபோது காளிராஜ் அவன் முகத்தைப் பார்க்காமலே வேலையை முடித்துவிட்டுப் போனான்.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மிச்சமிருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும் மடங்கவில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு. மருமகன் மட்டும் டயர் காற்றை இறக்கச் சொல்லவில்லை என்றால் மனிதர் செத்தே போயிருப்பார், படித்தவன் படித்தவன்தான் என்றார்கள். பங்காளிகளே அதைச் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் கோட்டைச்சாமியின் கட்டிலருகே நின்றுகொண்டு பூமிநாதனைப் பாராட்டினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

சினேகா ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்.

“அமத்துனா வண்டி உக்காரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அவருதான் அமத்தச் சொன்னாரு.”

“நான் அதைக் கேக்கல.”

“நீயும் அங்கதான் நின்ன. சொல்ல விட்டாரா?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அவளுக்குத் தெரியும், டயரைப் பற்றியது. அதை அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அன்றிலிருந்து அவள் அவன் முன்னால் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. அவன் கூப்பிட்டால், “என்னங்க” என்று உடனே வந்து நிற்பாள். அவனுக்கு முதலில் அது சங்கடமாக இருந்தது. பிறகு பிடித்திருந்தது.

லாரிகள் சும்மா நிற்க முடியுமா. தொழிலை அவன்தான் பார்த்துக்கொண்டான். “அந்த வண்டியை வித்துரு” என்றார் கோட்டைச்சாமி, வீடு திரும்பிய அன்று. பூமிநாதன் விற்கவில்லை. புதுப் பை போட்ட பிறகு அது நன்றாகவே ஓடியது. கட்டு மாற்றுவதற்கு மாமனாரை அதிலேயே அழைத்துப் போனான். ஏறுவதற்கு முன் அவர் அந்தச் சக்கரத்தைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொள்வார். பூமிநாதன் அவசரப்படுத்த மாட்டான். கதவைத் திறந்து பிடித்தபடி, அவர் பார்க்கும் வரைக்கும் காத்திருப்பான்.

சாப்பாடுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது. இடது கையால் சோறு தொட மாட்டேன் என்றார். ஸ்பூனில் எடுத்தால் சட்டையெல்லாம் கொட்டியது. சினேகா ஊட்டினாள். ஒரு நாள் அவள் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்து வைத்துவிட்டு, கணவனிடம் எதுவும் சொல்லாமல், அப்பாவின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் பூமிநாதன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

“சினேகா எப்ப வருவா?”

“சாயங்காலம் ஆகும் மாமா.”

சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே நீட்டினான். அவர் முகத்தைத் திருப்பினார். அவன் உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மின்விசிறி சுற்றியது. குழம்பின் மேல் எண்ணெய் ஆடை கட்டியது. அவருக்குச் சர்க்கரை உண்டு. காலை மாத்திரை போட்டாயிற்று. பசி தாங்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. இடது கை போர்வையைப் பிடித்தது.

“ஒனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியும் மாமா.”

“டயரும் தெரியும்.”

“அதுவும் தெரியும்.”

“ஊரைக் கூட்டிச் சொல்றேன் பாரு.”

“சொல்லுங்க. நான் வேணாம்கல. வீட்டுல வச்சுச் சோறு போட்டு நான் கேலி பண்ண ஆளுதான் என் கையை எடுத்தான்னு சொல்லுங்க. லாரிக்காரங்களை வரச்சொல்லவா?”

கோட்டைச்சாமி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் கட்டியது. கோபத்தில் கட்டியதா, பசியிலா, அவருக்கே தெரிந்திருக்காது. கடைசியில் தலையை இந்தப் பக்கம் திருப்பி, வாயைத் திறந்தார்.

பூமிநாதன் தட்டை மடியில் வைத்துக்கொண்டான். முதல் வாய் ஊட்டினான். அவர் மென்று விழுங்கும்வரை பொறுமையாகப் பார்த்தான். தனக்கு இரக்கம் வருமா என்று காத்திருந்தான். வரவில்லை. வெட்கமும் வரவில்லை. இரண்டாவது உருண்டையை, அவர் வாய்க்குக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்தான்.